அக்காவுக்குப் போட்ட நாற்காலி

எங்கள் ஊர் மாதா கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் போட்டிருக்கும் ஜாக்கெட் எங்க அக்கா தைத்தது. துணி போனதும் வந்ததும் என் பையில்தான் என்பதால் எனக்கு இது நிச்சயமாகத் தெரியும்.

பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். சனிக்கிழமை மதியம் ஊருக்கு வந்து, திங்கள் காலையில் அரியலூர் போய் பஸ் மாறித் திரும்புவேன். கிளம்பும்போது அம்மா ஒரு கட்டைப்பையை என் கையில் திணிப்பாள். உள்ளே ஊர்ப் பெண்களின் துணியும், அளவுக்குக் கொடுத்த பழைய ஜாக்கெட்டுகளும் இருக்கும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எது யாருடையது என்பதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் முடிந்து வைத்திருப்பாள்.

"செவப்பு நூலு உபதேசியார் பொண்டாட்டி. போன தடவ கழுத்து எறக்கமாப் போச்சாம். நன்மை வாங்கப் போயி நிக்கிறப்ப கூச்சமா இருக்குதாம். பச்ச நூலு மேலத்தெரு டீச்சரம்மா. கை லூசு பண்ணச் சொல்லு, அது உடம்பு போட்டுடுச்சு, வெளிய சொல்லிக்க மாட்டேங்குது."

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அக்காவின் தையல் கடை. நான் பையைக் கவிழ்த்து, அம்மா சொன்னதை அப்படியே ஒப்பிப்பேன். அக்கா சிரித்துக்கொண்டே கேட்பாள். எங்கள் ஊரில் யார் மெலிந்தார்கள், யார் மாசமாக இருக்கிறார்கள், யாருக்குத் தோள் ஒருபக்கம் இறங்கியிருக்கிறது என்பதெல்லாம், ஊருக்குள் காலே வைக்காத அவளுக்குத் தெரியும்.

அக்கா என்கிறேன். ஊருக்கு அவள் ரொம்ப நாள் என் அண்ணன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். பையன்கள் கக்கூசுக்குப் போகப் பயந்து காலையிலிருந்து மணி அடிக்கும் வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பல வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். நியாயமாக அது அவளாக இருந்திருக்க வேண்டும். என்னைவிடக் கணக்கு நன்றாகப் போடுவாள். பிறகு திருச்சிக்குப் போனாள். வீட்டுக்குத் தகவல் இல்லை. திரும்பிப் பெரம்பலூருக்கு வந்தபோது சேலை கட்டியிருந்தாள், கையில் தொழில் இருந்தது. அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தவர். அவர் உயிரோடு இருந்தவரைக்கும் அவள் பெயரை வீட்டில் எடுக்க முடியாது. அம்மா மட்டும், அப்பா வெளியே போன நேரம் பார்த்து, "மூத்தது சாப்பிட்டுச்சாமா?" என்று கேட்பாள். ஆணாகவும் சொல்லாமல் பெண்ணாகவும் சொல்லாமல் அப்படியே வருடங்கள் ஓடின. அப்பா இறந்து, நான் முதல் தடவை பெரம்பலூரிலிருந்து அக்கா தைத்த ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது, அம்மா அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அளவே எடுக்காம எப்புடிடா தச்சா?" என்றாள். அன்றிலிருந்து அவள் 'மூத்தவள்' ஆனாள்.

அம்மா அந்த ஜாக்கெட்டோடு கோயிலுக்குப் போனாள். பெண்கள் கேட்டார்கள். இப்படித்தான் துணிப் போக்குவரத்து தொடங்கியது. தைக்கிறது யார் என்று எல்லோருக்கும் தெரியும். "கை சுத்தம்" என்பார்கள். "டவுன்ல இந்த மாதிரி தோள் யாரும் வைக்க மாட்டாங்க" என்பார்கள். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

அம்மாவுக்கு இருதயம் பெருத்துவிட்டது என்று டாக்டர் சொன்ன வருடம் அக்கா ஊருக்கு வர ஆரம்பித்தாள். சனிக்கிழமை என்னோடு பஸ்ஸில் வருவாள். அம்மாவைக் குளிப்பாட்டுவாள், தலை வாருவாள், கால் வீக்கத்தை அமுக்கிப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடித்தால் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பாள்.

ஒருநாள் அம்மா வாசல் படலுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"என்கூட வா."

"வேணாம்மா. நான் இங்கயே ஜெபமாலை சொல்லிக்கிறேன்."

"ஏன், உனக்கு ஞானஸ்நானம் குடுக்கலையா? அந்தக் கோயில்லதான குடுத்தோம். அழுது தொட்டித் தண்ணிய எல்லாம் அப்பத்தா மேல தெறிச்ச. எனக்கு நடக்கறப்ப புடிச்சுக்க ஆள் வேணும். தம்பி ஆம்பளைங்க பக்கம் போயிடுவான். என் பக்கத்துல யாரு உக்காருவா?"

அம்மா கேட்டது அவ்வளவுதான். பூசையில் தன் பக்கத்தில் தன் மகள் உட்கார வேண்டும்.

எங்கள் கோயிலில் எல்லோரும் தரையில்தான் உட்காருவோம். பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் இடப்பக்கம் மாதா சுரூபம் இருக்கும், அது பெண்கள் பக்கம். வலப்பக்கம் சூசையப்பர் சிலை, அது ஆண்கள் பக்கம். நடுவில் பாதை. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. நடக்கப் பழகின குழந்தைகூட அந்தப் பாதைக்கு எந்தப் பக்கம் தன் பக்கம் என்று தெரிந்துதான் ஓடும்.

அந்த ஞாயிறு அக்கா சாம்பல் நிறச் சேலை கட்டி, முக்காடு போட்டு, அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மா வழக்கமாக உட்காரும் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சத்தம் போடவில்லை. முதலில் ஒரு சிறுமியை அவள் அம்மா, "இங்க வாடி, இங்கதான் காத்து வருது" என்று கூப்பிட்டுக்கொண்டாள். பிறகு ஒரு கிழவி ஜெபமாலையை எடுக்கிற மாதிரி நகர்ந்தாள். வருகைப் பாட்டு முடிவதற்குள் அவர்கள் இருவரைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தரை காலியாக இருந்தது. காலியான இடத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்களின் முதுகுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு முதுகிலும் அக்காவின் தையல்.

அம்மா எதையும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பைபிளிலிருந்து முதல் வாசகம் நான்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு இறங்கும்போது அம்மா அக்காவின் காதில் ஏதோ சொல்லி, இருவரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. நன்மை எனப்படும் நற்கருணை அப்பம் வாங்கப் பெண்கள் வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் அக்கா நின்றாள். சாமியார் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என்ன சிரிப்பு என்று கேட்டேன். "நீ வாசிக்கறப்ப தலைய ஆட்டறது அப்பன மாதிரியே இருக்குதுடான்னு அம்மா சொல்லுச்சு" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை, கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, தப்பா எடுத்துக்கப்படாது. உங்க குடும்பத்து மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உனக்கே தெரியும். சில பேரு வந்து சொல்றாங்க. பொம்பளைங்க பக்கத்துல... சின்னப் பிள்ளைங்க கேள்வி கேக்குதாம். சாமியாரப் பாரு, அவரு ஒரு வழி சொல்லுவாரு."

"உங்க வூட்டம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லல" என்றார். கொஞ்சம் விட்டு, "அவ ஜாக்கெட் ஒண்ணு அங்க நிக்குது, என்ன ஆச்சுன்னு கேட்டா" என்றார்.

சாமியார் இளைஞர். எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. நான் போனபோது எழுந்து நின்று கை கொடுத்தார். "எனக்கு மனசுல ஒரு தடையும் இல்ல, நம்புங்க. குருமடத்துல படிக்கறப்ப நாங்க இதப் பத்தி நெறைய பேசியிருக்கோம். எல்லாரும் கடவுளோட பிள்ளைங்கதான். ஆனா நான் நாளைக்கு மாத்தலாகிப் போயிடுவேன், நீங்க இந்த ஜனங்களோடதான் இருக்கணும். அவங்களே ஏத்துக்கிட்ட மாதிரி இருக்கட்டும். பங்குப் பேரவையில வைப்போம். நீங்களும் வாங்க, படிச்சவரு நீங்க பேசினா கேப்பாங்க."

எனக்கு நம்பிக்கை வந்தது. இந்தக் கோயில்தான் என் கையில் முதல் புத்தகத்தைக் கொடுத்தது. கன்னியர் மடத்து சிஸ்டர் சாயங்காலத்தில் சும்மா பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் நான் பத்தாவது தேறினேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பையனாக இருந்த என்னை வாசக மேடையில் ஏற்றி, தப்பாக வாசித்தபோதும் முகம் சுளிக்காமல் கேட்டவர்கள் இந்த ஜனங்கள். அவர்களிடம் ஒன்று கேட்டால் கிடைக்கும் என்றே நினைத்தேன்.

கோயில் காரியங்களை முடிவு செய்கிற பேரவையின் கூட்டம் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் நடந்தது. எதிராக யாரும் பேசவில்லை. அதுதான் சிக்கல். எல்லோரும் ஆதரவாகப் பேசினார்கள்.

"கோயிலுக்கு வர வேணாம்னு சொல்ல நாம யாரு? வரட்டும். எங்க உக்கார்றதுங்கறதுதான் கேள்வி."

"அப்ப ஆம்பளைங்க பக்கம் உக்காரட்டுமே."

லாரி ஓட்டுகிற ஒருவர் கையைத் தூக்கினார். "சேலை கட்டிக்கிட்டு எம் பக்கத்துலயா? அப்புறம் எம் பொண்டாட்டி என்னைய வூட்டுக்குள்ள விட மாட்டா." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

நான் எழுந்து சொன்னேன். "எங்கக்கா எந்தப் பக்கம்னு நாம முடிவு பண்ண வேணாங்க. அது பொண்ணு. அம்மாவுக்கு உடம்பு முடியல. அம்மா பக்கத்துல உக்காரணும். அவ்வளவுதான் கேக்கறோம்."

பேரவையின் துணைத்தலைவர் தொண்டையைக் கனைத்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர், நல்ல மனிதர். "இப்படிச் செய்வோம்" என்றார். "அந்தப் பக்கமும் வேணாம், இந்தப் பக்கமும் வேணாம். யாரையும் சங்கடப்படுத்த வேணாம். பின்னால, நடுப்பாதை முடியற எடத்துல, காத்தாடிக்குக் கீழ ஒரு நாற்காலி போட்டுருவோம். கைப்பிடி வச்ச நல்ல நாற்காலி. நாம எல்லாம் தரையில உக்கார்றோம், அந்தப் பிள்ளைக்கு நாற்காலி. இதைவிட மரியாதை வேற என்ன இருக்கு?"

மண்டபம் முழுக்க ஒரு நிம்மதி பரவியது. "அருமையான யோசனை சார்" என்றார்கள். லாரி ஓட்டுகிறவர், "நாற்காலி நானே வாங்கித் தரேன்" என்றார். அம்மா பக்கத்தில் என்று நான் மறுபடி ஆரம்பித்ததை ஹெட்மாஸ்டர் என் தோளில் கை வைத்து நிறுத்தினார். "மொதல்ல உள்ள வரட்டும்ப்பா. ஒவ்வொண்ணா நடக்கும்." அவர் கண் கலங்கியிருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நாற்காலி போட்டிருந்தது. புதுசு, நீலக் கலர். யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவை மூன்றாவது தூண் வரைக்கும் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு, திரும்பித் தனியாக நடுப்பாதையில் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அது சரியாகக்கூட உட்கார வரவில்லை. கோயிலில் எங்கள் யாருக்கும் நாற்காலி பழக்கமில்லை. முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

பிரசங்கத்தின் முடிவில் சாமியார் முகமெல்லாம் சந்தோஷமாக, "நம் பங்கு இன்று ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. நம் சகோதரியைக் கைதட்டி வரவேற்போம்" என்றார். தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பின்னால் பார்த்துக் கைதட்டினார்கள். மனசாரத் தட்டினார்கள். அம்மா மட்டும் திரும்பவில்லை.

நன்மை நேரத்தில் அக்கா எழுந்து பெண்கள் வரிசையின் கடைசிக்கு நடக்கத் தொடங்கினாள். பீடத்திலிருந்து சாமியார் உட்காருங்கள் என்று கைகாட்டினார். இரண்டு வரிசையும் முடிந்த பிறகு, பூசை உதவிப் பையன் முன்னால் மணியோடு வர, அவரே நடுப்பாதையில் நடந்து வந்து அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எழ முடியாத நோயாளிகளுக்கு அப்படித்தான் செய்வார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் சிமெண்ட் லாரி ஒன்று போய்ப் புழுதி அடங்கும் வரைக்கும் ஓரமாக நின்றோம். அப்போது அக்கா கேட்டாள்.

"எனக்குக் கால் நல்லாத்தான தம்பி இருக்கு?"

அம்மாவுக்காக இன்னும் சில ஞாயிறுகள் போனாள். பிறகு ஒருநாள், "என்னால முடியலம்மா" என்றாள். "அந்த நாற்காலில உக்காந்தா நான் பூசை பார்க்க வந்த மாதிரி இல்ல. எல்லாரும் பார்க்கறதுக்கு என்னைய வச்ச மாதிரி இருக்கு."

"அப்ப அம்மா பின்னாடி வந்து உன் கால்கிட்ட உக்காந்துக்கிட்டா?" என்றேன் நான்.

அம்மா என்னை அதட்டினாள். "நான் ஏண்டா பின்னாடி போவணும்? நான் பின்னாடி போனா ரெண்டு பேரும் வெளிய உக்காந்த மாதிரி. அவ முன்னாடி வரணும்."

அதே வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு அம்மா சாமியார் பங்களாவுக்கு நடந்தாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். சாமியார் ஓடிவந்து, "சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனேம்மா" என்றார்.

"நாற்காலிய எடுத்துடுங்க சாமி."

"ஏம்மா, ஏதும் வசதிக் குறைவா?"

"வசதிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. எங்கம்மா காலத்துல எங்க தெரு ஆளுங்களுக்குக் கோயில்ல பக்கவாட்டுல தனியா ஒரு எடம். நடுவுல கம்பி போட்டிருக்கும். நான் சின்னப் புள்ளையா அந்தக் கம்பிய வாயில கடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன், துருப் புடிச்ச ருசி இன்னும் தெரியும். அப்பவும் இதத்தான் சொன்னாங்க. உங்களுக்குன்னு வெயில் படாத எடமாத்தான குடுத்திருக்கோம், அதுல என்ன கொறன்னு. தனி எடம்னா என்னான்னு எனக்குத் தெரியும் சாமி. பேரவையில உக்காந்து இத யோசிச்சவங்க பாதிப் பேரு எங்க தெரு ஆளுங்கதான். அவங்க ஆத்தாளும் அந்தக் கம்பிக்குப் பின்னாடிதான் நின்னா. இவங்களுக்கு மறந்துடுச்சு."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பொய்யாகக் குனியவில்லை. "நான் பேசறேம்மா" என்றார். "பெண்கள் கூட்டத்துல, அன்பிய ஜெபக் கூட்டத்துல, ஒவ்வொருத்தரா உக்கார வச்சுப் பேசறேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க. மே மாசம் மாதா திருவிழா வருது. அதுக்குள்ள ஜனங்களப் பழக்கிடலாம். திருவிழாப் பூசையில உங்க மக உங்க பக்கத்துல இருப்பா."

"மே மாசமா?" என்றாள் அம்மா. விரல் மடக்கி எண்ணவில்லை. எழுந்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவர் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். அன்பியம் என்று சில வீடுகள் சேர்ந்து நடத்தும் ஜெபக் கூட்டங்களில் பேசியதாகப் பெண்கள் சொன்னார்கள். டீச்சரம்மா ஒருமுறை வீட்டுக்கே வந்து அம்மாவிடம், "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, என் பக்கத்துலயே உக்காரட்டும், மத்தவங்கதான்..." என்றாள். ஒவ்வொருவரும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த மத்தவங்க யார் என்று கடைசிவரைக்கும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சு முட்டி, அரியலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெண்கள் வார்டு. துணைக்கு ஒரு பொம்பளை ஆள்தான் இருக்கலாம் என்று நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். அக்காவைப் பார்த்து, "நீங்க யாரு, மகளா?" என்றாள். அக்கா தலையாட்டினாள். "சரி, கட்டிலுக்கு அடியில பைய வைங்க, வழியில வைக்காதீங்க." அவ்வளவுதான். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, பக்கத்துக் கட்டில்காரி தன் கைக்குழந்தையை அக்காவின் மடியில் போட்டுவிட்டு மாத்திரை வாங்கப் போயிருந்தாள். அம்மா என்னைக் கண்டு கையசைத்துக் கூப்பிட்டு, கம்பி வழியாகச் சொன்னாள்.

"பாத்தியா. இங்க ஒரு வார்த்த கேக்கல."

அம்மா அந்த வார்டிலேயே இறந்தாள். பெரிய வியாழனுக்கு முந்தின வாரம். அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாளாம். ஒரு கை முடித்து இன்னொரு கைக்கு வரும்போது அம்மா இல்லை.

வீட்டில் அக்காதான் அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்தினாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து அவளைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். உபதேசியார் மனைவி அவள் தோளில் சாய்ந்து ஒப்பாரி வைத்தாள். அங்கே யாரும் ஒதுங்கவில்லை. எனக்கு அப்போது ஒரு எண்ணம் வந்தது. இதோ எல்லாம் சரியாகிவிட்டது, இனி இப்படித்தான் இருக்கும் என்று.

சவப்பெட்டியைத் தூக்கிக் கோயிலுக்குள் கொண்டுபோனோம். நடுப்பாதையில், பீடத்துக்கு நேரே, ஸ்டாண்டில் வைத்தோம். நான் வலப்பக்கம் முன்னால் உட்கார்ந்தேன். சின்னம்மாவும் சொந்தக்காரப் பெண்களும் இடப்பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் நடந்துவந்த அக்கா அவர்களோடு உட்காரப் போனாள். ஹெட்மாஸ்டர் எழுந்து வந்து, ரொம்ப மெதுவாக, ரொம்ப மரியாதையாக, "வாம்மா" என்று பின்பக்கம் கை காட்டினார். நாற்காலி துடைத்துப் போட்டிருந்தது. துக்க வீட்டுக்காரி என்பதால் அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டும் விரித்திருந்தார்கள். சின்னம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு எங்கள் கோயிலில் அம்மாவின் பெட்டிக்கு ரொம்பத் தூரத்தில் இருந்தவள் அவள்தான். நான் வாசகம் வாசிக்கப் போனபோது நிமிர்ந்தால் நேரே அவள் முகம் தெரிந்தது. அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளவும் இல்லை. இரண்டு கையையும் அந்த நாற்காலியின் கைப்பிடியில் வைத்தபடி, யாரோ போட்டோ எடுக்கப்போகிற மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு நான் போன் செய்தேன். "காலைலயே வந்துடுக்கா, சேர்ந்து போவோம். நான் சாமியார்கிட்ட பேசிட்டேன், இந்தத் தடவ முன்னாடி..."

"வேணாம் தம்பி."

"அம்மா ஆசப்பட்டுச்சுல்ல?"

"அம்மா ஆசப்பட்டது அது பக்கத்துல நான் உக்காரணும்னு. அது இல்லாத எடத்துல எனக்கு எதுக்கு எடம்? நீ போ. நல்லா வாசி. தலைய ஆட்டாத."

நான் போனேன். அக்காவைப் போல என்னால் விட முடியவில்லை. கோபமாகக்கூட இருக்க முடியவில்லை. அந்தப் பாட்டுகள், அந்த சாம்பிராணி, பக்கத்தில் உட்கார்ந்து கரகரத்த குரலில் பதில் சொல்கிற அந்த மனிதர்கள், இவர்களை விட்டால் எனக்கு எங்கே போவது என்று தெரியாது. திருவிழாக் கொடி ஏறியிருந்ததால் வெளியூர்க்காரர்களும் வந்து கோயில் நிறைந்திருந்தது. அம்மா பெயரைச் சொல்லிச் சாமியார் செபித்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா வரலையா தம்பி?" என்றாள் உபதேசியார் மனைவி. உண்மையான கவலையோடுதான் கேட்டாள். "நாங்க சேர் எல்லாம் போட்டு வச்சிருந்தமே."

டீச்சரம்மா என் கையில் ஒரு கவரைக் கொடுத்தாள். திருவிழாத் தேர் அன்றைக்கு உடுத்த எடுத்த பட்டு ஜாக்கெட் துணி. "அவசரமில்லன்னு சொல்லு, முடிஞ்சா குடுக்கச் சொல்லு" என்றாள். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருப்பதா என்று நினைத்துப் பார்த்தேன். அது அக்காவின் பிழைப்பு, மறுக்க எனக்கு உரிமையில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போனேன். முப்பதாம் நாளுக்குச் செய்த பலகாரம் கொஞ்சம் கொண்டுபோயிருந்தேன். அக்கா மிஷினை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு ஒரு அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டாள். டீச்சரம்மாவின் துணியைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்ல பட்டு என்றாள். கொஞ்ச நேரம் பூசையைப் பற்றிக் கேட்டாள். பாட்டு யார் பாடினார்கள், எவ்வளவு கூட்டம், சாமியார் என்ன பேசினார்.

அப்புறம் துணியை மடித்தபடியே கேட்டாள்.

"அம்மா எடத்துல யாரு உக்காந்தா?"

யாரும் உட்காரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்க விரும்பியது அதுவோ என்னவோ. ஆனால் எங்களுக்குள் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"யாரோ வெளியூருப் பொண்ணு" என்றேன். "கைக்கொழந்தையோட வந்திருந்துச்சு. தூண்ல சாஞ்சுக்கிட்டு உக்காந்துச்சு."

அக்கா தலையாட்டினாள்.

"உக்காரட்டும்" என்றாள். "கொழந்தைய வச்சுக்கிட்டுச் சாய்றதுக்கு அந்தத் தூண் தோதா இருக்கும்."

கொக்கி தைக்க ஊசியை எடுத்து நூல் கோக்கப் பார்த்தாள். கண் தெரியவில்லை என்று என்னிடம் நீட்டினாள். நான் கோத்துக் கொடுத்தேன்.